நீளமாக எழுதிய பலகை

வெயிலில் நிற்காதீர்கள் டீச்சர், இப்படி நிழலுக்கு வாருங்கள். குடியாத்தம் பஸ்தானே? அது வர இன்னும் முக்கால் மணி நேரம் ஆகும். நாளைக்கு ஆயுத பூஜை இல்லையா, டிப்போவில் பஸ்ஸைக் கழுவிக்கொண்டிருப்பார்கள். டீச்சர் என்று எப்படித் தெரியும் என்று பார்க்கிறீர்களா? பையிலிருந்து விடைத்தாள் கட்டு எட்டிப் பார்க்கிறதே. அந்தப் படியில் வேண்டாம், காலையில்தான் செம்மண் இட்டேன். இதில் உட்காருங்கள். கொஞ்சம் தள்ளி. அங்கே எறும்பு.

உங்களிடம் எனக்கு ஒரு சின்ன உதவி வேண்டும். இரண்டு நிமிஷ வேலை. ஆனால் விஷயம் தெரியாமல் செய்தால் தப்பாகிவிடும், அதனால் முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டுக்காரர் சந்தைக்குப் போயிருக்கிறார். பூசணிக்காய், பொரி, வாழைக்கன்று எல்லாம் வாங்க வேண்டும். பூசணிக்காயைத் தட்டித் தட்டிப் பார்த்து வாங்குகிறவர் அவர், சீக்கிரம் வரமாட்டார். அந்தத் துண்டை எடுக்காதீர்கள் டீச்சர். அடியில் என்ன என்று பிறகு சொல்கிறேன்.

என் பேர் தனபாக்கியம். இந்தப் பட்டாளத்தார் நினைவிடத்தைப் பார்த்துக்கொள்வது நான்தான். பெருக்குவது, செடிக்குத் தண்ணீர் விடுவது, விளக்கு ஏற்றுவது, ஆடு விரட்டுவது. ஆடுதான் பெரிய தொல்லை. மூன்றாவது வரைக்கும் படித்தேன், தம்பி பிறந்ததும் தூக்கி வைத்துக்கொள்ள ஆள் வேண்டுமென்று நிறுத்திவிட்டார்கள். தமிழ் எழுத்துக்கூட்டிப் படிப்பேன். இங்கிலீஷும் இந்தியும் எனக்குக் கம்பளிப்பூச்சி ஊர்கிற மாதிரிதான்.

இரண்டு டாங்கி நிற்கிறதே, ரோட்டுப் பக்கம் வெயிலில் ஒன்று, வேப்பமரத்தடியில் ஒன்று. ஒன்று நம்முடையது. இன்னொன்று எழுபத்தொன்றாம் வருஷத்துச் சண்டையில் எதிரியிடமிருந்து பிடித்து வந்தது. எது எது என்று இப்போதே கேட்காதீர்கள். அதில்தான் இத்தனை வம்பும்.

எங்கள் வீட்டுக்காரர் அந்தச் சண்டையில் டாங்கி ஓட்டினவர். டபேதாராக ரிட்டையர் ஆனார். டாங்கிப் பட்டாளத்தில் டபேதார் என்றால் மற்றவர்களுக்கு ஹவில்தார் எப்படியோ அப்படி. எங்கள் ஊரில் அது யாருக்குத் தெரியும்? டபேதார் என்றால் கலெக்டருக்கு முன்னால் பட்டை போட்டுக்கொண்டு போய்க் கதவு திறக்கிறவர். எந்தக் கலெக்டரிடம் இருந்தார் என்று என் ஓரகத்தியே கேட்டாள். ஊரில் பட்டாளத்தார் நாற்பது பேர் இருக்கிறார்கள். எல்லாரும் காலாட்படை, லாரி, கம்பவுண்டர், சமையல். டாங்கிக்காரர் இவர் ஒருவர்தான். பட்டாளத்தார் சங்கத் தலைவர் சுபேதார் எத்திராஜுலு இருபத்தாறு வருஷம் பட்டாளத்துக்கு உருளைக்கிழங்கு அளந்து போட்டவர். நல்ல மனுஷன். ஆனால் எதைப் பார்த்தாலும் அளந்துதான் பார்ப்பார்.

டாங்கிக்காரர் ஒருவர்தான் என்பதால் இவர் சொல்வதை இல்லையென்று சொல்ல ஆள் இல்லை. ஆமாம் என்று சொல்லவும் ஆள் இல்லை. அதனால் இவர் இஷ்டத்துக்குச் சொல்வார். பெரிய தளபதி ஒருவர் இவரிடம் தீப்பெட்டி கேட்டாராம். ஒரு பக்கத்துச் சங்கிலி அறுந்துபோயும் நாற்பது மைல் ஓட்டினாராம். இஞ்சின் சூட்டில் முட்டை பொரித்தாராம். எதிரியின் குண்டு வந்து டாங்கியின் பின்பக்கத்து இடது மூலையில் பட்டு இத்தனை பெரிய பள்ளம் விழுந்ததாம், இவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லையாம். இரும்புப் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கிறவர் எப்படித் திரும்பிப் பார்ப்பார் டீச்சர்? அதைக் கேட்டால் கோபம் வந்துவிடும், அரை நாள் சாப்பிடமாட்டார். அரை நாள்தான்.

பதின்மூன்று வருஷத்துக்கு முன்னால் இந்த நினைவிடத்தைக் கட்டினார்கள். ஆவடிப் பக்கமிருந்து பெரிய பெரிய லாரியில் இரண்டு டாங்கியும் வந்தன. ஆர்மிக்காரர்களே வந்து மேடையில் ஏற்றி, இங்கிலீஷில் எழுதின பித்தளைப் பலகை ஆளுக்கொன்று மாட்டி, முனிசிபாலிட்டியில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள். அதற்கப்புறம் இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

அன்றைக்கு எங்கள் வீட்டுக்காரர் ரோட்டுப் பக்கத்து டாங்கியைச் சுற்றிச் சுற்றி வந்தார். பின்னால் போய் இடது மூலையில் கை வைத்தார். அங்கே ஒரு பள்ளம் இருந்தது. வைத்த கையை எடுக்கவில்லை. இது நான் ஓட்டின வண்டி என்றார். கண்ணெல்லாம் தண்ணீர். எனக்கு ஒரே வெட்கம், ஊரே பார்க்கிறது.

எத்திராஜுலு அவர் தோளைத் தட்டினார். "ஏம்பா, ஆயிரம் டாங்கி இருக்கிற தேசத்துல, உன் டாங்கி உன்னைத் தேடிக்கினு நம்ம ஊர் பஸ் ஸ்டாப்புக்கு வந்துச்சா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான் சிரிக்காமல் இருந்தால் என்னைப் பார்த்துச் சிரிப்பார்களே.

எனக்கு இந்த வேலையைக் கொடுத்ததும் எத்திராஜுலுதான். கொடுத்த அன்றைக்கே சொல்லிவிட்டார்: பெருக்கலாம், துடைக்கலாம், ஆனால் ஆர்மி வைத்ததில் எதையும் அசைக்கக் கூடாது, அசைத்தால் அன்றோடு வேலை போய்விடும். நானும் சரி என்றேன். அசைக்கிற ஆளா நான்?

மறுவருஷம் ஆயுத பூஜை வந்தது. எங்கள் வீட்டுக்காரர் குடலிறக்க ஆபரேஷனுக்காக வேலூர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். நான் பாதி நேரம் அங்கே, பாதி நேரம் இங்கே. பூஜைக்கு முந்தின நாள் வந்து பார்த்தால் இரண்டு பித்தளைப் பலகையும் கறுத்துப் போய், ஓரமெல்லாம் பச்சை பூத்து, பார்க்கவே சகிக்கவில்லை. நம் வீட்டுக் குத்துவிளக்கு அப்படி இருந்தால் விடுவோமா? தொங்கவிட்டபடி தேய்த்தால் புளித்தண்ணீர் பெயிண்டில் வழியும், பின்பக்கத்துப் பச்சையும் அப்படியே இருக்கும். அதனால் திருகாணியைக் கழற்றி, இரண்டையும் குழாயடிக்குக் கொண்டுபோய், புளியும் உப்பும் போட்டு, தேங்காய் நாரால் ஒரு மணி நேரம் தேய்த்தேன். சாம்பல் போட்டு இன்னொரு தரம். நீங்கள் பார்த்திருக்க வேண்டும் டீச்சர். தங்கம் மாதிரி. மூஞ்சி தெரிந்தது.

கழற்றுவது அசைப்பது ஆகுமா? கழுவுவதற்காகத்தானே. திரும்ப மாட்டிவிட்டேனே.

எது எங்கே என்று அடையாளத்துக்கு ஒன்றில் குங்குமம் வைத்துத்தான் கழற்றினேன். தேய்த்ததில் அது போய்விட்டது. ஆனால் எனக்கென்ன, யோசிக்கத் தெரியாதா? இரண்டும் ஒரே அளவு, ஒரே சிங்க முத்திரை. ஆனால் ஒன்றில் மூன்று வரிதான். இன்னொன்றில் ஏழு வரி நெருக்கி எழுதியிருந்தது. நம் வீட்டுப் பிள்ளையைப் பற்றி யாராவது ஏழு வரி எழுதுவார்களா? பிடித்து வந்த எதிரியைப் பற்றித்தானே நீளமாகச் சொல்வோம்? அப்புறம் இன்னொன்று, நம்முடையதை வெயிலில் போட்டுவிட்டு எதிரியை நிழலில் நிறுத்துவார்களா? அதனால் நீளமாக எழுதினதை ரோட்டு டாங்கியில் மாட்டினேன், சின்னதை வேப்பமரத்து டாங்கியில். சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை. அன்றைக்கு வந்தவர்கள் எல்லாரும் பலகையைத்தான் பார்த்தார்கள், டாங்கியைப் பார்க்கவில்லை.

எட்டு நாள் கழித்து இவர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இங்கே நடந்து வந்தவர் வேப்பமரத்து டாங்கிக்கு முன்னால் நின்றார். பலகையைப் படித்தார். ரோட்டு டாங்கிக்குப் போய் அதையும் படித்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன், திரும்பவில்லை.

சங்கத்துக்குப் போய்ப் பலகை மாறியிருக்கிறது என்று சொன்னாராம். எத்திராஜுலு பலகை வைத்தது ஆர்மி, ஆர்மி தப்புப் பண்ணாது என்று சொல்லிவிட்டார். டீக்கடையில் சொன்னார். ஆபரேஷனில் கொடுத்த மயக்க மருந்து இன்னும் தெளியவில்லை என்றார்கள். டீக்கடைக்காரர் பத்தாவது பாஸ், அவரே வந்து பலகையைப் படித்து, நிழலில் இருப்பது எதிரி டாங்கி என்று எழுதியிருந்ததைத்தானே முன்னே படித்தோம் என்று யோசிக்க வேண்டாமா? யோசிக்கவில்லை. தினமும் கண்ணில் படுகிற பலகையை யார் படிக்கிறார்கள்? எழுதியிருந்தால் சரியாகத்தான் இருக்கும் என்று போய்விட்டார்.

அப்போதிலிருந்து பதினோரு வருஷம் டீச்சர். வருஷா வருஷம் பூஜைக்கு முந்தின நாள் இவரைச் சந்தைக்கு அனுப்பிவிட்டு நான் பலகையைத் தேய்ப்பேன். நீளமானது ரோட்டுக்கு, சின்னது மரத்தடிக்கு. ஒரு வருஷம்கூட மாற்றி மாட்டினதில்லை. அதில் நான் கெட்டி.

ஊர் முழுக்க மரத்தடி டாங்கிக்கு மாலை போடும். இவர் மட்டும் ரோட்டு டாங்கிக்குப் போய் ஒரு எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் ஏற்றி, சல்யூட் அடிப்பார். எதிரி டாங்கிக்குக் கற்பூரம் ஏற்றுகிறவன் என்று பேர் வந்துவிட்டது. ரேஷன் கடை வரிசையில் என்னைப் பார்த்தால், பார்டர் தாண்டி வந்துட்டாங்க, வழி விடுங்க என்பார்கள். எங்கள் பெண்ணைப் பார்க்க வந்தவர்கள்கூடக் கேட்டார்கள், பெண்ணின் அப்பா அந்த டாங்கிக்காரர்தானா என்று. எனக்கு எப்படி இருக்கும்?

அந்த ரோட்டு டாங்கியின் பின்பக்கம் பாருங்கள், கட்டில் மாதிரி சமமாக இருக்கிறது. நாள் முழுக்க வெயில். இரும்பு கொதிக்கும். எதிரி டாங்கிதானே என்று நான் அதில் வடாம் போட ஆரம்பித்தேன். வெள்ளை வேட்டியை விரித்து வரிசையாகப் பிழிந்தால் ஒரே நாளில் சலசலவென்று காய்ந்துவிடும். அந்த இடது மூலையில் மட்டும் பள்ளம் இருப்பதால் மாவு தேங்கும், அங்கே போடுவது வேகாத தோசை மாதிரி கிடக்கும். அந்தப் பள்ளத்தைத் திட்டாத நாள் இல்லை. இவர் வந்து சொல்வார், அதன் மேல் வடாம் போடாதே, அதற்குள் நான் பதினாலு நாள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறேன் என்று. நான் கேட்பேன், சங்கிலி இல்லாமல் நாற்பது மைல் ஓட்டினீர்களே, அந்த டாங்கியா? துண்டை உதறிக்கொண்டு போய்விடுவார். வடாம் பொரித்துப் போட்டால் சாப்பிடுவார்.

ஒரு வருஷம் பெரிய அவமானம் ஆகிவிட்டது. பூஜைக்குத் தாசில்தார் வந்திருந்தார். எத்திராஜுலு பெரிய மனசு பண்ணி, இந்த வருஷம் ஆரத்தியை டபேதாரே எடுக்கட்டும் என்றார். இவர் கஞ்சி போட்ட சட்டையும் மெடலுமாக வந்து தட்டை வாங்கினார். நான் கும்பிட்டுக்கொண்டே இருக்கிறேன், சாமி, இன்றைக்கு ஒரு நாள் மட்டும் இந்த மனுஷனுக்குப் புத்தி கொடு என்று. இவர் தட்டோடு விறைப்பாக அப்படியே திரும்பினார். லெஃப்ட் ரைட் போட்டு நேராக ரோட்டு டாங்கிக்குப் போய் ஆரத்தி காட்டினார். தாசில்தார் எந்தப் பக்கம் கும்பிடுவது என்று தெரியாமல் நடுவில் நின்று ரோட்டைக் கும்பிட்டார். லாரி ஒன்று போனது, டிரைவர் பதிலுக்குக் கும்பிட்டான்.

நான் மூன்று நாள் அவரோடு பேசவில்லை. பலகையை யார் தொட்டது என்று அவர் என்னை ஒரு தரமாவது கேட்டிருக்கலாம் இல்லையா? கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் நான் யாரும் தொடவில்லை என்று சொல்லியிருப்பேன். அதற்குப் பதிலை வருஷக்கணக்கில் தயாராக வைத்திருந்தேன்.

போன வருஷம் ஆடி மாசம் ஒரு ஜீப் வந்து நின்றது. மேஜர் ஈப்பன் என்று ஒரு மலையாளத்துக்காரர், ரிட்டையர் ஆனவர், தலையெல்லாம் வெள்ளை. நாடு முழுக்க மேடையில் நிற்கிற டாங்கிகளுக்கு ஜாதகம் எழுதுகிறாராம். எங்கே பிறந்தது, எந்தச் சண்டைக்குப் போனது, யார் ஓட்டினது, யார் சுட்டது என்று ஒவ்வொன்றாகத் தேடி எழுதுகிறார். நம் பிள்ளைகளுக்கே ஜாதகத்தைத் தொலைத்துவிட்டுத் திரிகிறோம், இரும்புக்கு எழுதுகிறாரே என்று எனக்குச் சிரிப்பு.

அவர் மரத்தடி டாங்கிக்கு முன்னால் வந்து பலகையைப் படித்தார். நிமிர்ந்து டாங்கியைப் பார்த்தார். மறுபடி பலகை. பிறகு ரோட்டு டாங்கி. அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார் பாருங்கள், கண்ணாடி கழன்று மண்ணில் விழுந்தது. நான் எடுத்துத் துடைத்துக் கொடுத்தேன். அன்றைக்கென்று ரோட்டு டாங்கி மேல் மூன்று படி அரிசி வடாம். அவர் ஏறிப் பார்த்துவிட்டு, ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, உப்பு சரியாக இருக்கிறது என்றார். வேட்டியைக் கொஞ்சம் மடித்துக்கொள்ளலாமா என்று கேட்டுவிட்டுத்தான் சுரண்டினார். ஏழெட்டுப் பூச்சுப் பெயிண்டுக்கு அடியில் இரும்பில் வெட்டின நம்பர் இருந்தது. வண்டிக்கு அடியில் படுத்து இன்னொரு நம்பர் எடுத்தார்.

அதற்குள் யாரோ சொல்லி எங்கள் வீட்டுக்காரர் லுங்கியோடு ஓடி வந்தார். மேஜரைப் பார்த்ததும் லுங்கியோடு அட்டென்ஷன். இருவரும் இந்தியில் பேசினார்கள். இவர் பின்பக்கத்துக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போய் வடாத்தை ஒதுக்கிவிட்டுப் பள்ளத்தைக் காட்டினார். கையை இப்படிக் காட்டி, அப்படிக் காட்டி, டமால் என்றார். குண்டுக் கதைதான், எனக்கு இந்தி தெரியாவிட்டாலும் டமால் தெரியும். மேஜர் எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டார்.

சங்கத்தார் எல்லாரும் கூடிவிட்டார்கள். மேஜர் தமிழில் கேட்டார், "இந்த பலகை ரெண்டும் ஆராணு கழட்டியது?"

எத்திராஜுலு என்னைப் பார்த்தார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். செடிக்குப் போட்ட தண்ணீர் மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது, நான் அதை நிறுத்தப் போய்விட்டேன். திரும்பி வரும்போது எங்கள் வீட்டுக்காரர் சொல்லிக்கொண்டிருந்தார், பெயிண்ட் அடிக்க வந்தவர்கள் கழற்றியிருப்பார்கள், வெளியூர் ஆட்கள், பேர் ஞாபகம் இல்லை என்று. இந்த மனுஷனுக்குப் பொய் சொல்ல ஒரு சமயமும் தயக்கமே கிடையாது டீச்சர்.

தை மாசம் எங்கள் வீட்டுக்காரருக்கு ரிஜிஸ்டர் தபால் வந்தது. சங்கத்தில் எல்லாரையும் கூட்டி இவரே நின்று படித்தார். அந்த நம்பர் உள்ள டாங்கி இவருடைய படையில் இருந்தது, சண்டையில் அதை ஓட்டினவர் பேர் இது, ஊர் இது, தகப்பனார் பேர் இது என்று எல்லாம் கண்டுபிடித்து எழுதியிருந்தார் மேஜர். இவர் பேர்தான். இவர் ஊர்தான். ஆயிரம் டாங்கி இருக்கிற தேசத்தில், ஆமாம். எத்திராஜுலு எழுந்து வந்து இவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. டீக்கடைக்காரர் எல்லாருக்கும் டீ அனுப்பினார். எனக்கும்.

ஆனால் நான் கவனித்தேன். கவரிலிருந்து வந்தது இரண்டு தாள். இவர் படித்தது ஒன்று.

அடுத்த நாள் சட்டையைத் துவைக்க எடுத்தபோது பையில் இரண்டாவது தாள் நாலாக மடித்து இருந்தது. நான் பையைத் துழாவுகிறவள் இல்லை. துவைத்தால் கரைந்துவிடுமே என்றுதான் எடுத்தேன். எடுத்ததை என்ன செய்வது, ஊர் ஆஸ்பத்திரி நர்ஸம்மாவிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். கொல்லத்தில் ஒரு பழைய மெக்கானிக் இருக்கிறாராம், அந்த டாங்கியை ரிப்பேர் பார்த்தவர். அவருக்கு அந்தப் பள்ளம் நன்றாக ஞாபகம் இருக்கிறதாம். குண்டுமில்லை, ஒன்றுமில்லை. சண்டை முடிந்த மறுநாள், எங்கள் வீட்டுக்காரர் வண்டியைப் பின்னுக்கு எடுக்கும்போது சமையல் கொட்டகைச் சுவரில் மோதிவிட்டார். சுவர் சரிந்து, எண்பது பேருக்கு வெந்துகொண்டிருந்த பருப்பு அத்தனையும் மண்ணில். அன்றைக்கு அந்த மெக்கானிக்கும் பட்டினி. அதனால்தான் மறக்கவில்லையாம்.

நர்ஸம்மா சிரித்துக்கொண்டே படித்தாள். நான் சிரிக்கவில்லை. சிரித்தால் அப்புறம் நிறுத்த முடியாது என்று தெரியும்.

காலையில் காபி கொடுக்கும்போது தாளை டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தேன். பருப்பு ரொம்பச் சூடா இருந்திருக்குமே என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

அவர் தாளைப் பார்த்தார். காபியை முழுசாகக் குடித்து முடித்தார். "நான் ஆஸ்பத்திரியிலருந்து வந்த அன்னிக்கே எனக்குத் தெரியும்" என்றார்.

"இன்னா தெரியும்?"

"பலகை ரெண்டும் பளபளன்னு இருந்துச்சி. முன்னாடியும் பின்னாடியும். இந்த ஊர்ல பித்தளையை அப்படித் தேய்க்கிறவ ஒருத்திதான்."

கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் நான் பாத்திரம் தேய்ப்பதை அவர் ஒரு தரம்கூடக் கவனித்ததில்லை என்று நினைத்திருந்தேன் டீச்சர். இப்படி வாய்விட்டுச் சொன்னதே இல்லை.

பிறகு யோசித்துப் பார்த்தேன். அன்றைக்கே தெரிந்திருந்தால் எத்திராஜுலுவிடம் சொல்லியிருக்கலாமே, பதினோரு வருஷம் எதற்கு ஊர் வாயில் விழ வேண்டும்? அதைக் கேட்டும் விட்டேன். சொல்லியிருந்தால் இந்த வேலை உனக்கு இருந்திருக்குமா என்றார். இது என்ன பெரிய கலெக்டர் வேலையா என்றேன். ஆடு விரட்டவோ என்னவோ, விறுவிறுவென்று வெளியே போய்விட்டார்.

அன்றிலிருந்து எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம், பேசிக்கொண்டது இல்லை, தானாக ஏற்பட்டது. பருப்பைப் பற்றி நான் வெளியில் மூச்சு விடுவதில்லை. புளியைப் பற்றி அவர் மூச்சு விடுவதில்லை. உங்களிடம் சொன்னதைக் கணக்கில் வைக்காதீர்கள், நீங்கள் வெளியூர். அவர் இப்போதும் அந்தப் பள்ளத்தைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக் காட்டி டமால் என்கிறார். நான் பக்கத்தில் நின்று ஆமாம் என்கிறேன்.

குடியரசு தினத்தன்று பலகைகளைச் சரியாக மாற்றி மாட்டினார்கள். மாலை எல்லாம் ரோட்டு டாங்கிக்கு. வடாம் மரத்தடி டாங்கிக்குப் போய்விட்டது. அதன் மேல் எந்நேரமும் நிழல், வேப்பம்பழம், காக்காய். மூன்று நாள் போட்டாலும் பாதிதான் காய்கிறது. அது எதிரிதான், சந்தேகமே இல்லை.

எத்திராஜுலு எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார், இனிமேல் பலகையை யாரும் கழற்றக் கூடாது என்று. எங்கள் வீட்டுக்காரர் திருகாணியை எடுத்துவிட்டு நட்டு போல்ட் போட்டு முறுக்கினார். முறுக்கும்போது என்னைத்தான் பார்த்தார்.

அதற்கு ஸ்பானர் வேண்டும் டீச்சர். சைக்கிள் கடையில் வாங்கினேன்.

இப்போது அந்தத் துண்டை எடுங்கள். என்ன, பார்த்தீர்களா? மூஞ்சி தெரிகிறதா இல்லையா? ஒன்பது மாசத்தில் எப்படிக் கறுத்திருந்தது தெரியுமா, நாளைக்கு ஊரே வந்து கும்பிடப்போகிற பலகை. அவர் பேர் இருக்கிற பலகை அப்படியா தொங்கும்? மனசு கேட்கவில்லை.

குங்குமம் வைக்கவில்லை, புத்தி வந்துவிட்டது. வலது கைப் பக்கம் ரோட்டு டாங்கி, இடது கைப் பக்கம் மரத்து டாங்கி என்று குழாயடியில் பிரித்து வைத்தேன். அப்போது பார்த்து ஆடு வந்தது. விரட்டிவிட்டுத் திரும்பி வந்து எதிர்ப்பக்கம் உட்கார்ந்துவிட்டேன். எது வலது எது இடது? சரி, நீளத்தைப் பார்த்துக்கொள்ளலாம், நீளமானது எதிரியுடையது, அதுதான் அப்போதே தெரியுமே என்று பார்த்தால், இதுவும் ஏழு வரி, அதுவும் ஏழு வரி. மூன்று வரி இருந்ததில் அவர் பேரையும் கூட இருந்தவர்கள் பேரையும் சேர்த்து வெட்டினார்கள். இரண்டும் ஒரே நீளம் ஆகிவிட்டது.

அதுதான் உதவி. எதில் அவர் பேர் இருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.

பேரா? நான் எப்படி அவர் பேரைச் சொல்வது? நீங்களே கண்டுபிடியுங்கள். சாமி பேர்தான். முருகன் பேர். இல்லை, வேலாயுதம் இல்லை. பழனியில் கோவணத்தோடு நிற்கிறாரே, கையில் என்ன வைத்திருப்பார்? வேல் இல்லை டீச்சர், நீங்கள் பழனிக்குப் போனதே இல்லையா? மாடு மேய்க்கிறவன் வைத்திருப்பானே, அது. ஆமாம், தண்டம். அதைக் கையில் வைத்திருக்கிறவர். ஆங், அதுதான், அதுதான். நீங்கள் சொல்லலாம், நான்தான் சொல்லக் கூடாது.

இதிலா? எங்கே? உங்கள் விரலை வையுங்கள்.

இதுவா? இந்த நாலாவது வரியில், இங்கேயிருந்து இதுவரைக்குமா? இவ்வளவு சின்னதாகவா எழுதியிருக்கிறார்கள்? நான் பாட்டுக்கு மற்ற வரியோடு சேர்த்துத்தான் நாரால் தேய்த்தேன். கொஞ்சம் மழுங்கியிருக்கிறதா டீச்சர்? மேல் வரியைவிட இது மழுங்கல்தானே? புதுசாக வெட்டினது, ஆழம் போதாது. இப்படியே வருஷா வருஷம் தேய்த்தால் என்ன ஆகும்?

கொஞ்சம் இருங்கள், மாட்டிவிடுகிறேன். நீங்கள் இந்த மூலையைப் பிடித்துக்கொள்ளுங்கள். போல்ட் இறுக்கமாக இருக்க வேண்டும், அவர் வந்ததும் ஆட்டிப் பார்ப்பார். பளபளப்பைப் பார்த்ததும் தெரிந்துவிடும் என்கிறீர்களா? தெரியட்டும். அவர் கேட்கமாட்டார்.

அதோ உங்கள் பஸ், மாலை போட்டுக்கொண்டு வருகிறது. போய் வாருங்கள் டீச்சர். அடுத்த வருஷமும் தேய்க்கத்தான் தேய்ப்பேன், விடமாட்டேன். அந்த நாலாவது வரியில் மட்டும் புளி வைக்கமாட்டேன்.